விண்ணப்பமும் ஓர் அமானத்தே



"பெயரைப் பார்த்தவுடனேயே நம் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள்" என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேலை தேடும் நம் பிள்ளைகள் சொல்வதுண்டு. இதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட இயலாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய ஆய்வாளர்கள் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். ஒத்த தகுதியுடையவர்களை ஒப்பிட்டபோது, உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இவ்வாய்வு 2007இல் வெளியானது.

அப்படியானால் பெயரைச் சுருக்கி எழுதலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. சான்றிதழில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறொரு பெயரும் இருந்தால், நேர்காணல் சந்தேகத்திலேயே தொடங்கும். அதேவேளை, தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் கேட்கப்படாத மதம், சாதி, திருமண நிலை ஆகியவற்றை எழுதத் தேவையில்லை. அது மறைத்தல் ஆகாது. அரசுத் தேர்வின் நிலை வேறு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெற, சாதிச் சான்றிதழும் அதற்குரிய குறிப்பும் அவசியம்.

அநீதி இருக்கிறது என்பதற்காக நம் பங்கில் குறை வைக்கலாகாது. கணினி மையத்தில் கிடைக்கும் ஒரே மாதிரித் தாளில் பெயரை மட்டும் மாற்றி, நூற்பாலைக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நிறுவனத்திற்கும் பால்கோவா கடையின் கணக்கர் பணிக்கும் அனுப்புகிறோம். "கடின உழைப்பாளி" என்று எல்லோரும்தான் எழுதுகின்றனர். எந்த வேலையை, எத்தனை மாதம், எவ்வாறு செய்தோம் என்பதே சான்று. உடன் அனுப்பும் கடிதம் அரைப் பக்கம் போதும்: எந்தப் பணி, அதற்கு நாம் ஏன் பொருத்தம், அதற்கு என்ன ஆதாரம்.

ஆலிம் ஸனது பெற்றவர்களோ "மதரஸாக் கல்வி" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றனர். அரபியைப் படிக்கவும் எழுதவும் மொழிபெயர்க்கவும் இயலும், இத்தனை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன் என்று விளக்கினால்தான் வேலை தருபவருக்குப் புரியும்.

தன்னைப் பற்றிச் சொல்வது பெருமையாகிவிடுமோ என்று தயங்குவோரும் உண்டு. நபி யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தமது காக்கும் திறனையும் அறிவையும் தாமே எடுத்துரைத்தார்கள். தேவையான இடத்தில் உள்ளதைச் சொல்வது பெருமையன்று. இல்லாத அனுபவத்தைச் சேர்ப்பதுதான் மோசடி.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம், படித்துப் பணியிலிருக்கும் இருவர் பள்ளிவாசலில் அமர்ந்து, இளைஞர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் தனியே இந்த ஏற்பாடு வேண்டும். பிறர் மனத்தை மாற்றக் காலம் பிடிக்கும். ஒரு தாளைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போதும்.