பாட்டும் கூத்தும்தானா?

காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரே பேச்சுதான். நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று. "பாட்டும் கூத்தும்தான் ஸார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தார்கள், ஆடி பிறந்துவிட்டது, இன்னும் அனா ஆவன்னா எழுதத் தெரியவில்லை" என்பார் ஒருவர். "நாமெல்லாம் அந்த வயசில் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தவர்கள்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் தலையை ஆட்டி டீயை முடிப்பார்.

எனக்கு இதில் சம்மதமில்லை. வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்றால் விட்டுவிடலாம். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் விஷயம். அவளுக்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் என்னதான் படிக்கிறார்கள் என்று பாருங்கள். எதிர்வீட்டுப் பையன் ஒன்றாம் வகுப்பு. அவன் புத்தகத்தைச் சாயங்காலங்களில் வாங்கிப் புரட்டுகிறேன். எண்ணும் எழுத்தும் என்று 2022 ஜூனில் அரசு கொண்டுவந்த திட்டம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பேர்தான் இருந்தது; எழுத்துத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். அதற்காகத்தான் முதல் மூன்று வகுப்புகளுக்கும் இதை ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் நாலுக்கும் ஐந்துக்கும் நீட்டினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட, அவனுக்கு இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்து அந்தப் படியில் உட்கார வைப்பது.

ஒன்றாம் வகுப்பு முதல் பருவத்தில் படம் பார்த்துப் பேசுகிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். ஒரு சொல்லைக் காதால் பிரித்து, எந்த ஒலியில் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். கணக்கில் மேலே கீழே, உள்ளே வெளியே, பெரியது சிறியது. பிறகு ஒன்றிலிருந்து ஒன்பது. அதுவும் எழுதுவதற்கு முன்னால் புளியங்கொட்டையையோ குச்சியையோ எண்ணி வைத்துவிட்டு. இதைத்தான் நம் பெஞ்சு கூத்து என்கிறது.

நாம் மட்டும் எப்படிப் படித்தோமாம்? மணலில் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். பாட்டி பல்லாங்குழி ஆடும்போது, இந்தக் குழியில் எத்தனை, எடுத்துப் போட்டால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டோம். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பாதிக் கணக்கு அங்கே படித்தாகிவிட்டது. இன்றைக்குப் பல்லாங்குழி கொலு பொம்மையோடு பரணில் கிடக்கிறது. அந்தக் கொட்டையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் மட்டும் சிரிக்கிறோம்.

'எங்கள் காலத்தில்' என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் அந்தக் காலத்தில் பத்திரமே எழுதுவான் என்கிறார்கள். எழுதினான், உண்மைதான். ஆனால் எத்தனை பேர்? என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது பதினேழோ பதினெட்டோ. மீதிப் பேர் என்ன ஆனார்கள்? மாடு மேய்க்கப் போனான், நடவுக்குப் போனாள், வாத்தியார் பிரம்புக்குப் பயந்து நின்றான். பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பதினேழு பேரில் ஒருவர். நின்றுபோனவர்களில் யாராவது இங்கே வந்து 'எங்கள் காலத்துப் படிப்பைப் போல வருமா' என்று சொல்லியிருக்கிறார்களா?

நான் தபால் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவன். 1973இல் சேர்ந்தபோது மணியார்டர் பாரத்துக்குப் பக்கத்திலேயே மசிப்பெட்டி இருக்கும், கைநாட்டுக்காக. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை. கவுண்ட்டருக்கு வந்து விரலை நீட்டியவர்களில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவர்களும் உண்டு. "நீயே எழுதிடு தம்பி" என்பார்கள், என் வயசுக்காரர்களே. நம் காலத்துப் படிப்பின் கணக்கைச் சொல்வதென்றால் அந்த மசிப்பெட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது. நடுவயசுப் பெண்கள் கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டதை ஒருதரம் திரும்பப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் அங்கே பாட்டுத்தான், நாடகம்தான்.

மூன்றாம் வகுப்புப் பையன் கையில் அரும்பு புத்தகம் இருக்கிறதே, இது அவமானமில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுத்துத் தெரியாதவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வருடா வருடம் ஏற்றி விட்டு, எட்டாவதில் கண்டுபிடிப்பதுதான் அவமானம். மூன்றாவதிலேயே கண்டுபிடித்து ஒரு புத்தகம் கொடுத்தார்களே, அதைச் சொல்லுங்கள். நம் காலத்தில் அவனுக்கு மாட்டுக்கயிறுதான் கொடுத்தார்கள்.

இப்போது பூக்காரப் பெண். அவள் மகன் போன வருடம் ஒன்றாம் வகுப்பு, நகராட்சிப் பள்ளியில். பெஞ்சுப் பேச்சை மாதக்கணக்கில் கேட்டாள். படித்த ஐயாமார் சொல்கிறார்களே என்று பயந்துபோனாள். மகளிர் குழுவில் கடன் வாங்கி, காலாண்டு லீவு முடிந்ததும் பையனை ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். காலையில் பள்ளியிலேயே கிடைத்த உப்புமாவும் பொங்கலும் போயிற்று. யூனிபாரம், வேன், நாலு வரி நோட்டு எல்லாம் காசு. பையன் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுகிறான், நூறிலிருந்து ஒன்று வரை தலைகீழாகவும் எழுதுகிறான். பதினேழுக்கு ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங்கும் எழுதுகிறான். பார்த்துப் பார்த்துப் பூரிக்கிறாள்.

ஒருநாள் அவனிடம், பதினேழு பூ எண்ணிக் கொடுடா என்றேன். கொடுத்தான், ஒன்று ஒன்றாக எண்ணி. இன்னும் மூன்று சேர்த்தால் எத்தனை என்றேன். நோட்டைத் தேடினான். எதிர்வீட்டுப் பையனுக்கு இன்னும் பதினேழு எழுத வராது. ஆனால் பத்துக் குச்சியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டாக வைத்து, பக்கத்தில் ஏழைத் தனியாக வைப்பான். மூன்று சேர்த்ததும் "இன்னொரு கட்டு வந்துடுச்சு தாத்தா" என்பான். பத்து என்பது ஒரு கட்டு என்று தெரிந்துகொண்டவனுக்கு நூறும் ஆயிரமும் தானாக வரும். நூறு வரை வரிசையாக எழுதிப் பழகியவனுக்கு நூற்றொன்று இன்னொரு புதுப் பாடம்.

நான் மனப்பாடத்துக்கு விரோதி இல்லை. வாய்ப்பாடு வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் வாயில் வர வேண்டும். ஆனால் ஏழு பேருக்கு ஆளுக்கு ஏழு முறுக்கு என்று வைத்துப் பார்த்த பிறகு வரட்டும். ஐந்தரை வயசில் அவசரமென்ன? யாருக்கு நாம் மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது?

குறை சொல்ல விஷயமே இல்லையா என்றால், இருக்கிறது. நம் பெஞ்சு அதைத் தொடுவதில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் இருக்கும் பள்ளிகளைப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று படி, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு வேலை, ஒரே ஆள். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அந்த நாள் முழுக்க அறுபது கண்களை ஒருவர் பார்க்க வேண்டும். போதாததற்கு மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காத இடத்தில் டீச்சரம்மா போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் குச்சிக்கட்டோடு உள்ளே காத்திருந்தார்கள்.

அதோடு, பெயர் மாற்றும் வியாதி. 2007இல் செயல்வழிக் கற்றல் என்று அட்டைகள் கொடுத்து மாநிலம் முழுக்கத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். 2012இல் முப்பருவம். 2018இல் புதுப் புத்தகம். 2022இல் இது. ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. ஒன்று பிள்ளைக்குப் பழகி, டீச்சருக்குக் கை வருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதை எதிர்த்துக் கத்தினால் நானும் உங்களோடு சேர்ந்து கத்துவேன்.

(1978இல் பழைய றா, னா, லை, ளை எழுத்துகளை மாற்றியபோது நம் அப்பாக்கள் போட்ட கூச்சல் ஞாபகம் இருக்கிறதா? தமிழே போச்சு என்றார்கள். இப்போது நமக்கே பழைய வடிவத்தை எழுதக் கை வருவதில்லை.)

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் சட்டப்படி ஒன்று இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பாலும். அந்தக் குழுக்காரர்களிடம் நாம் கேட்கலாம், டீச்சர் போஸ்ட் ஏன் காலி, நெட் ஏன் இல்லை, மனு எழுத ஆள் வேண்டுமா என்று. மனு எழுதுவதில் நம்மை அடிக்க ஆள் கிடையாது. வாழ்நாளெல்லாம் சர்க்காருக்கு எழுதியவர்கள். நான் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். பெஞ்சில் கையெழுத்துக்கு நீட்டினேன். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், ஒருவர் மருமகளைக் கேட்கணும் என்றார், ஒருவர் போட்டார். திங்கள்கிழமை மறுபடி கொண்டுவருகிறேன். கண்ணாடியோடு வாருங்கள்.