சுவருக்கு மதிப்புரை எழுதியவர்கள் யார்?

பிங்க் பிளாய்ட் என்ற பிரிட்டிஷ் இசைக் குழு 1979 நவம்பர் 30-ல் "தி வால்", அதாவது "சுவர்", என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. இந்தக் குழுவின் இசை வகைக்கு "முற்போக்கு ராக்" என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீண்ட பாட்டுகளும் கதைத் தொடர்ச்சியும் கொண்ட இசைப் போக்கைக் குறிக்கும் பெயர் அது, அரசியலைக் குறிப்பதல்ல.

கதை இதுதான். யுத்தத்தில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு பையன். பள்ளியில் ஆசிரியர்களின் கொடுமை. பின்னர் பேரும் பணமும் வந்து குவிகின்றன. ஆனாலும் தன் துயரங்களை ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கித் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறான். முடிவில் சுவர் இடிகிறது. இதை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் தந்தையும் 1944-ல் இத்தாலியப் போர்முனையில் மாண்டவரே.

பத்திரிகை விமர்சகர்கள் இரண்டு பட்டனர். ஒரு சாரார் "மகத்தான படைப்பு" என்றனர். மறு சாரார் "பணக்காரப் பாடகனின் புலம்பல்" என்றனர். இரண்டாவது பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஷிப்டு முழுவதும் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு, பணத்தின் நடுவே உட்கார்ந்து "தனிமை, தனிமை" என்று அழுபவன்மீது எவ்வளவு இரக்கம் பிறந்துவிடும்? ஆனால் இரு சாராரும் பாடகனின் மனத்தை மட்டுமே அளந்தனர். அந்தப் பாட்டைப் பாடியவர்களையும் அதைக் கையில் எடுத்தவர்களையும் அவர்கள் கண்டார்களா?

இசைத்தட்டிலுள்ள பள்ளிக்கூடப் பாட்டைப் பாடியவர்கள் லண்டனில் இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் 23 மாணவர்கள். பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பள்ளிக்குக் கிடைத்தது 1,000 பவுன். பாடிய பிள்ளைகளுக்கு? கூலி இல்லை! வளர்ந்து பெரியவர்களான பிறகு, 2004-ல், அவர்களில் சிலர் ஒலிபரப்பு உரிமைத் தொகையில் தங்கள் பங்கைக் கேட்டனர். நாம் சொல்கிறோம்: அது பிச்சையல்ல, செய்த வேலைக்கு உரிய பாக்கி.

இந்தப் பாட்டு கல்வியை இகழ்கிறது என்று லண்டன் கல்வி அதிகாரிகள் சீறினர். அதற்குப் பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே வெள்ளை நிறவெறி அரசு 1953-ல் சட்டம் இயற்றி, கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த படிப்பை ஒதுக்கியது. வெள்ளைப் பிள்ளைக்குச் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கு அளவே அவர்களுக்குக் கிடைத்தது. 1980 ஏப்ரலில் கேப் டவுன் மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அவர்கள் வாயில் இந்தப் பாட்டு ஒலித்தது. மே மாதத்தில் அரசு பாட்டைத் தடை செய்தது!

அந்தப் பிள்ளைகள் படிப்பையா வெறுத்தனர்? இல்லை, நல்ல படிப்பைக் கேட்டனர். அடிமைக்கென்று அளந்து கொடுத்த படிப்பைத்தான் வெறுத்தனர். லண்டனில் ஒரு பாடகனின் மனத்தில் இருந்த சுவர் கேப் டவுனில் நிறவெறிச் சுவராயிற்று. பாட்டின் பொருளை எழுதியவன் மட்டும் நிர்ணயிப்பதில்லை; அது தேவைப்பட்டவர்களும் நிர்ணயிக்கிறார்கள். அதை விமர்சகர்களைவிடத் தடை விதித்த ஆட்சியாளர் நன்றாகப் புரிந்துகொண்டனர்.

ஆகவே நம் தீர்ப்பு இது. இசைத்தட்டில் சுயபச்சாத்தாபம் உண்டு, நீளமும் உண்டு. ஆனால் கூலியின்றிப் பாடிய 23 பிள்ளைகளையும், தடையை மீறிப் பாடிய ஆயிரமாயிரம் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எழுதும் எந்த மதிப்புரையும் அரை மதிப்புரையே.