மறுமுறை ஓட்டினால் பச்சை

சென்ற மழைக்காலத்தில் அந்தமான் தீவுகளின் டெலானிபூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தைப் போட வந்திருந்தார். பெயருக்கு அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது. அவர்களிடம் இருந்தது ஓர் இனிஷியல் மட்டுமே. அந்த ஓர் எழுத்தைத் தட்டினால் போதாது என்றது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்றது. ஒருவழியாக அதைத் தாண்டிச் சான்றிதழ்களை ஏற்றும்போது லைன் போய்விட்டது. திரும்ப வந்தபோது முதல் பக்கத்தில் நின்றது, கட்டங்கள் எல்லாம் காலி. மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும், “காலையில ஏழு மணிக்கு வாங்கக்கா, லைன் நல்லாருக்கும்” என்றார் சென்டர் தம்பி.

சென்னையில் பல ஆண்டுகள் டெஸ்டராக வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். அந்தத் தளம் வெளிவந்த நாளில் அதற்கென ஒரு சோதனை அறிக்கை இருந்திருக்கும். அதில் எல்லா வரியும் பச்சையாகவே இருந்திருக்கும்.

அந்தப் பச்சை எப்படி வருகிறது என்று பார்ப்போம். மனிதர் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்த காலம் போய், உலாவியைத் தானாக இயக்கும் கருவிகள் வந்தன. 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் அவற்றில் புகழ்பெற்றது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டை வெளியிட்டது. ஆயிரம் டெஸ்ட் கேஸ்களை இரவோடு இரவாக ஓட்டி, காலையில் முடிவைக் கையில் தந்துவிடும். அருமையான கருவிகள்தாம், அவை இல்லாமல் இன்று பெரிய மென்பொருள் எதையும் கட்ட முடியாது.

ஆனால் இவற்றோடு ஒரு பழக்கமும் வளர்ந்தது. சில சோதனைகள் ஒரு நாள் தேறும், மறுநாள் தோற்கும். நிரலில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். துறையில் இவற்றை ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்போம். தன் சோதனைகளில் சுமார் 16 விழுக்காட்டில் இந்தத் தடுமாற்றம் ஓரளவேனும் இருப்பதாக 2016-இல் கூகுளே எழுதியது. பெரும்பாலான குழுக்கள் இதற்குக் கண்ட வழி, மறுமுறை ஓட்டுவது. எத்தனை முறை திரும்ப ஓட்டலாம் என்று பிளேரைட்டில் ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். இரண்டாம் முறை தேறிவிட்டால் பச்சை. முதல் முறை தோற்றதை அறிக்கை தனியாகக் குறித்துத்தான் காட்டும். அந்த வரியை நின்று படிக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. இன்னொரு வழி, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது. ஐந்து நொடியில் வராத பொத்தானுக்காக முப்பது நொடி காத்திரு என்று சோதனைக்குச் சொல்லிவிடுவோம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தோல்விகளில் ஒரு பகுதி சோதனையையே சரியாக எழுதாததால் வருவது. அதை மறுக்கவில்லை. மீதியில் பெரும்பகுதி, பதில் தாமதமாக வந்தால் பக்கம் என்ன செய்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. சென்னை அலுவலகத்தில் நூற்றில் ஒருமுறை நேரும் அந்தத் தாமதம் தீவுகளில் அன்றாடம் நேர்வது. மறுமுறை ஓட்டி நாங்கள் அழித்த சிவப்பு வரிகளில்தான் டெலானிபூர் அம்மாவின் பிற்பகல் இருந்தது.

சென்னையிலிருந்து அந்தமானுக்கான கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் மெயின்லேண்டோடு பேச செயற்கைக்கோள்தான். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம் போய் இறங்க வேண்டும். கேள்வி போய்ப் பதில் வருவதற்கு, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி. ஒன்றன்பின் ஒன்றாக முப்பது முறை சர்வரைக் கேட்கும் பக்கம் என்றால் பதினைந்து நொடி இதிலேயே போய்விடும். வடம் வந்தபின் நிலைமை வெகுவாக மாறியது, உண்மை. ஆனாலும் வடம் வந்து சேரும் இடத்துக்கும் சென்டர் தம்பியின் மேசைக்கும் நடுவே மழை இருக்கிறது, மின்வெட்டு இருக்கிறது, ஒரே இணைப்பைப் பத்துப் பேர் பங்கிடுவது இருக்கிறது. இந்த நிலையைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கும் வசதி குரோம் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், இணைப்பை நடுவில் துண்டிக்கலாம். செலவில்லாத இந்தச் சோதனையை ஒப்பந்தங்கள் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேகம் ஒரு பக்கம், பெயர் இன்னொரு பக்கம். 2024 செப்டம்பரில் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, புதிய படிவத்தில் மற்றொன்று என்று வருபவரைத் தளம் என்ன செய்யும்? 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. குடும்பப் பெயரே இல்லாத அவர்களை என்ன செய்யும்? யாராவது முதலில் இந்தக் கேள்வியை எழுதி வைத்தால்தான் கருவி அதைச் சோதிக்கும். 2021 ஜூனில் தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டில் குரல் எழும்பிய பிறகே சேர்த்தார்கள். ஆட்டோமேஷன் எத்தனை இருந்தாலும் அந்த விடுபடலைக் கண்டுபிடித்திருக்காது.

வேறு மாதிரியான சோதனையும் இதே தீவுகளுக்குப் பழக்கம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 2009 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து ‘ஐஓவேவ்’ என்ற ஒத்திகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகின்றன. மையத்தின் கணினி செய்தியை அனுப்பியது என்பதோடு அந்த ஒத்திகை முடிவதில்லை. கடைசிக் கரையில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்ததா, அவர் மேட்டுக்கு நகர்ந்தாரா என்பதும் பார்க்கப்படுகிறது. போய்ச் சேரவில்லை என்றால் அது கண்டுபிடிப்பு. திரும்ப ஓட்டி மறைக்கும் விஷயம் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வேலை செய்தது.

அரசுத் தளங்களைச் சோதித்துச் சான்றளிக்க எஸ்டிகியூசி என்ற இயக்ககம் மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் ஏற்கெனவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி கூடினால் போதும் என்று நினைக்கிறேன். மறுமுறை ஓட்டித் தேறிய சோதனை எதுவும் தேறியதாகக் கணக்கில் வரக் கூடாது. கட்டியவர்களுக்குரிய கடைசித் தவணைப் பணம், டெலானிபூரிலும் கார் நிக்கோபாரிலும் இரண்டு பேர் ஒரு மழைநாள் பிற்பகலில், அங்கே கிடைக்கும் லைனில், தங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பத்தைப் போட்டு முடித்து, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்த பிறகே போக வேண்டும்.