சிமென்ட் காயும்வரை காத்திருந்த கேமரா

மந்தைவெளியில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் படம் எடுக்க முயன்றவர்களைக் கேட்டால், முதல் எதிரி பணம் இல்லை, சத்தம் என்பார்கள். ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் மெட்ரோ வேலை. இன்னொரு பக்கம் பறக்கும் ரயில். இரண்டும் ஓய்ந்த நேரம் பார்த்து ‘ஆக்‌ஷன்’ சொன்னால், சரியாக அந்த நொடியில் பழைய பேப்பர்காரர் தெருவுக்குள் நுழைவார். ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும், அதற்குள் ஒயரையெல்லாம் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று வீட்டுக்கார மாமி காலையிலேயே சொல்லியிருப்பார். நடிக்க வந்த நண்பருக்கோ மறுநாள் ஆபீஸ்.

வீடு கிடைப்பதே பெரிய விஷயம். சினிமாக்காரர் என்றாலே வீடு இல்லை என்று கையை விரிக்கும் உரிமையாளர்களைச் செழியன் ‘டுலெட்’ படத்தில் காட்டியிருப்பார். 2007-ன் சென்னையில் வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தின் கதை அது. பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. 2017-ல் விழாக்களுக்குப் போன படம், தியேட்டருக்கு வந்தபோது 2019 பிறந்துவிட்டது.

கேமராவை நண்பனிடம் இரவல் வாங்கலாம். சாப்பாட்டை அம்மா கட்டிக்கொடுத்துவிடுவார். சம்பளத்தைப் ‘படம் விற்றதும் தருகிறேன்’ என்று தள்ளிப்போடலாம். நேரத்தை மட்டும் எவரிடமும் கடன் கேட்க முடியாது. சின்ன பட்ஜெட்டில் பெரிய ஆசை வைத்தவர்கள் எல்லோரும் இடித்துக்கொண்ட சுவர் இதுதான்.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போகும் சுதா, அவள் தங்கை, வயதான தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல், கடன் வாங்கிச் சொந்தமாகக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, டூயட் இல்லை, வில்லன் என்று பார்த்தால் சிமென்டைத் திருட்டுத்தனமாக விற்கும் காண்டிராக்டர். இந்தக் கதைக்குப் பணம் எதற்கு என்று தோன்றும். ஆனால், கதைக்குள் ஒரு வீடு வளர வேண்டும். அதற்காகவே ஒரு வீட்டைக் கட்டினார்கள்.

வளரும் கட்டடத்தைப் படமெடுப்பதில் உள்ள சங்கடம், சொந்தமாக வீடு கட்டியவர்களுக்கு உடனே புரியும். சாதாரணப் படத்தில் கிளைமாக்ஸை முதல் நாளே எடுத்துவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது. கடைக்கால் தோண்டும் காட்சியை, தோண்டும்போதுதான் எடுக்க முடியும். சுவர் இடுப்பளவு நிற்கும்போது எடுக்க வேண்டிய வசனம் தவறிப்போனால், போனதுதான். அடுத்த வாரம் சுவர் தலைக்கு மேலே போயிருக்கும். தளம் போட்டால் சென்ட்ரிங் பிரிக்க ஒன்றிரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். டைரக்டர் அவசரப்படுகிறார் என்பதற்காகக் கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. ஷூட்டிங் அட்டவணையைப் பாதி எழுதுவது மேஸ்திரிதான்.

பாலுமகேந்திரா செலவைக் குறைத்த விதமும் கவனிக்க வேண்டியது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் நான்கும் அவரே. பின்னணிக்கு, இளையராஜா அதற்கு முன்பே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தின் இசையைப் பயன்படுத்திக்கொண்டார். செலவில் கை வைக்காதது அந்தச் செங்கல்லிலும் சிமென்டிலும்தான். மட்டக்களப்பில் அவர் சிறுவனாக இருந்தபோது அம்மா வீடு கட்டிய நாட்களின் நினைவிலிருந்து பிறந்த கதை இது. அட்டையில் சுவர் செய்து அதை ஏமாற்ற மனம் வந்திருக்காது.

தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர், நாடக மேடைக் காலத்து நடிகர். அப்போது எண்பதை ஒட்டிய வயது. பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு இடமாக நின்று ரசித்துவிட்டு, திரும்பும் வழியில் அந்தத் தாத்தா இறந்துபோவார். பார்த்தவர்கள் யாரும் மறக்காத காட்சி. கட்டடமும் காத்திருக்காது, அந்த வயதும் காத்திருக்காது என்ற நிலையில் எடுத்தது.

சத்யஜித் ரேவுக்கும் இந்தக் கவலை இருந்தது. ‘பதேர் பாஞ்சாலி’ 1952-ல் தொடங்கி, பணம் வரும்போது எடுத்து, தீர்ந்ததும் நிறுத்தி, 1955-ல்தான் வெளியானது. இன்ஷூரன்ஸ் பாலிசி அடமானம் போனது, மனைவியின் நகை போனது. நாணல் பூத்த வெளியில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூ முழுவதையும் மாடு மேய்ந்துவிட்டது. மறுபடி பூக்க அடுத்த வருடம் வரை காத்திருந்தார்கள். அந்த இடைவெளிகளில் பையன் அப்புவின் குரல் உடையவில்லை, அக்கா துர்கா கிடுகிடுவென வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி உயிரோடு இருந்தார். இந்த மூன்றையும் அதிசயம் என்றே ரே பின்னாளில் சொன்னார். படம் வெளியாகும் முன் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார்.

நம் காலத்தில் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பக்கம், உச்சி வெயிலில் ஒரு அப்பாவும் மகனும் நடக்கிறார்கள். பொட்டல் காடும் வெயிலும் இலவசம்தானே என்று நினைத்தால் தப்பு. மதிய வெயிலை லைட் வைத்து உண்டாக்க முடியாது, நிழல் நீண்டுவிட்டால் அன்றைக்குக் கடையைக் கட்ட வேண்டியதுதான். பாதியில் பணமும் போதாமல் போய், இயக்குநர் ராம் மூலம் விக்னேஷ் சிவன், நயன்தாரா கைக்கு வந்தது. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 அக்டோபர் ஆனது, அதுவும் ஓடிடியில்.

எடுத்த பிறகாவது நேரம் விட்டுவிடுகிறதா? ஜெயகாந்தன் இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ 1964-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படம். அந்த வருடம் முதலிடம் ரேயின் ‘சாருலதா’. முதலிடத்துப் படத்தை இன்றும் உலகம் தேடிப் பார்க்கிறது. மூன்றாமிடத்துப் படத்தைப் பார்த்த ஒருவரைத் தமிழ்நாட்டிலேயே தேட வேண்டியிருக்கிறது.

‘வீடு’ படத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதைக் கொண்டுவந்த அந்தப் படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை. இதை வேதனையோடு சொன்னவர் பாலுமகேந்திராவேதான். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு என்று ஒன்று வேண்டும் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 2014 பிப்ரவரியில் காலமானார்.

இப்போது நெகட்டிவ் கிடையாது, ஹார்ட் டிஸ்க்தான். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் அதுவும் ஒரு நாள் சுழல மறுக்கும். ஆறு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிய அந்த மந்தைவெளிப் பையன்களின் படமும், யார் வீட்டிலாவது கட்டிலுக்கு அடியில், பழைய செருப்புப் பெட்டியில், ஒரே ஒரு காப்பியாக இருக்கும்.