எழுதுகோல் உயர்ந்தால் உரிமை தாழ்வதில்லை

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை எனக் கடலோர ஊர்களில் ஆலிம்களிடம் குடும்பத்தார் கொண்டுவரும் வினாக்களுள் ஒன்று இது: "எங்கள் காக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வாப்பா விட்டுச்சென்ற சொத்தில் அவருக்கும் பங்கு உண்டா? அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் பிரித்துக்கொள்ளலாமா?"

புத்தி போனவனுக்கு எல்லாமே போயிற்று என்னும் எண்ணம் இந்த வினாவுக்குள் ஒளிந்திருக்கிறது. ஷரீஅத் அந்த எண்ணத்தை ஒருபோதும் ஏற்றதில்லை.

உறங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளிவடையும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. உயர்த்தப்பட்டது யாதென ஊன்றிப் பார்க்க வேண்டும். குற்றம் எழுதும் கோல் உயர்ந்ததேயன்றி, உரிமைப் பட்டியலில் இருந்து அவர் பெயர் அழிக்கப்படவில்லை. உஸூல் கலை அறிஞர்கள் மனிதனின் தகுதியை இரண்டாக வகுத்தனர். உரிமைகளைப் பெற்றிருக்கும் தகுதி ஒன்று; அது தாயின் கருவறையிலேயே தொடங்கி மரணம் வரை நீங்காதது. தானே செயலாற்றிப் பொறுப்பேற்கும் தகுதி மற்றொன்று; அறிவைப் பொறுத்துக் கூடுவதும் குறைவதும் இதுவேயாகும்.

ஆகவேதான் ஒரே மனிதரின் அறிவை ஷரீஅத் இடத்திற்கேற்ப வெவ்வேறு தராசில் நிறுக்கிறது. அவர்மீது தொழுகை கடமையில்லை. ஆனால் இக்கரையின் மரைக்காயர் ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவருடைய பொருளுக்கு ஜகாத் உண்டு. வலீ அதைக் கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபு இதில் வேறுபடுகிறது. பிறர் பொருளை அவர் சேதப்படுத்தினால் பாவமில்லை. ஆயினும் இழப்பீடு அவர் பொருளிலிருந்து கொடுபடும். சித்தம் கலங்கிய நிலையில் அவர் சொல்லும் தலாக் செல்லாது. அதற்காக மனைவியை ஆயுள் முழுதும் கட்டிவைக்கவும் மார்க்கம் சொல்லவில்லை. கணவர் இரண்டாண்டுகள் சித்தம் கலங்கியிருந்தால் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம் என 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கூறுகிறது.

குற்றவியலைப் பாருங்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், சித்தம் கலங்கிய பெண் ஒருத்திக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அலீ (ரலி) அவர்கள் எழுதுகோல் உயர்த்தப்பட்ட நபிமொழியை நினைவூட்டியதும், கலீஃபா அவளை விடுவித்தார்கள். செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ மனநோயால் அறிய இயலாதவர் குற்றவாளி ஆகார் என்று 2023ஆம் ஆண்டின் பாரதீய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது.

வணிகத்திலோ நிலை வேறு. தலைக்காயத்தால் அறிவு தளர்ந்து, கொடுக்கல் வாங்கலில் ஏமாந்துவந்த தோழர் ஒருவரைத் தடைசெய்யுமாறு அவர் குடும்பத்தார் நபிகளாரிடம் வேண்டினர். வியாபாரத்தை விட்டிருக்க முடியவில்லை என்று அவர் முறையிட்டபோது, ஏமாற்று இருக்கலாகாது என்று நிபந்தனை சொல்லி விற்று வாங்குமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். கடைத்தெருவிலிருந்து அவரை விரட்டாமல், அங்கே அவர் நிற்பதற்கு ஓர் அரணையே அளித்தார்கள். நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், பெரும்பாலும் தெளிவற்றிருப்பவர் தெளிவுற்ற வேளையில் செய்யும் ஒப்பந்தத்தை ஏற்கிறது.

இனி அந்தக் கைநாட்டுக்கு வருவோம். வாரிசுப் பங்கில் சித்தக் கலக்கத்தால் ஓர் அணுவும் குறைவதில்லை. பொருள் புரியாதவரிடம் பெற்ற கைநாட்டு மார்க்கத்தில் செல்லாது. அறிவுத் தெளிவற்றோரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் அருள்மறை (4:5), அதே வசனத்தில் அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவான சொல்லும் கூறப் பணிக்கிறது. பொருளைக் காப்பதே வலீயின் பணி, கவர்வது அன்று. முத்துக் குளிக்க இறங்குபவன் தன் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பான் என்பர் இக்கரைப் பெரியோர். நீருக்குள் இருப்பவனால் குரல் கொடுக்க இயலாது. கயிறு பிடித்தவனே அவனுக்குக் காவல். வலீயின் நிலையும் அதுவே.

காவல் சங்கிலியாக மாறிய கொடுமையும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓடவும் வழியின்றி எரிந்தனர். 28 உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே விட்டுச்சென்றவை குடும்பங்களே என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. எழுதுகோலை அல்லாஹ் உயர்த்திய அம்மனிதர்கள்மீது மனிதர்கள் சங்கிலி பூட்டினர்! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடுத்ததோடு, தம் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் ஆற்றல் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் எனவும் விதித்தது. ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவம் இடம்பெற்று, மருந்தும் துஆவும் அருகருகே நின்றன. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பதும் நபிவழியே அன்றோ?

எனவே சகோதரர்களே! வீட்டில் இத்தகையோர் இருப்பின் மருத்துவரை நாடுங்கள். அவர் பங்கைத் தனியே வைத்து, வரவு செலவை எழுதிவையுங்கள். சொத்தில் கைவைக்கும் முன் நீதிமன்றத்தின் வழியை நாடுங்கள். கலங்கிய புத்தியுள்ளவரின் பங்கு விற்கப்படும்போது கேள்வி கேட்பது ஜமாஅத்தின் கடமை.

மதீனாவில் அறிவில் குறையிருந்த ஒரு பெண், நபிகளாரிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொன்னாள். எந்தத் தெருவில் நிற்க விரும்புகிறாளோ அங்கே வந்து அவள் தேவையை நிறைவேற்றித் தருவதாகக் கூறி, அவ்வாறே அவள் பேசி முடிக்கும் வரை நின்று கேட்டார்கள் அண்ணல் நபி (ஸல்). தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவளிடமே விட்டார்கள். நம் வீட்டு மூலையில் இருப்பவரிடம் நாம் எதை விட்டுவைத்திருக்கிறோம்?

கயிறு பிடித்த கை நழுவாதிருக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.