இறங்கத் தெரிந்தவரே மலையேறலாம்



1533ஆம் ஆண்டின் கோடைக்காலம். காஷ்கர் நாட்டின் சுல்தான் சயீத் கான், லடாக் படையெடுப்பை முடித்துக்கொண்டு தம் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காரகோரம் கணவாயை அடுத்த உயர்ந்த வெளியில் அவருக்கு மூச்சு முட்டியது. பரிவாரங்கள் இருந்தும் பயனில்லை. வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. போகும்போதே அதே நோய் அவரை நினைவிழக்கச் செய்திருந்தது என்பதுதான் வேதனை. அவருடைய தளபதியும் பாபரின் உறவினருமான மிர்ஸா ஹைதர் துக்லத், 'தாரீகே ரஷீதி' என்னும் தம் பாரசீக வரலாற்று நூலில் இந்நோயை 'தம்கீரி' என்கிறார். மூச்சைப் பிடித்துக்கொள்வது என்பது அச்சொல்லின் பொருள். குதிரைகளும் இதற்குப் பலியானதாக அவர் எழுதியுள்ளார்.

சுல்தான் படையோடு சென்ற அந்த லடாக்கிற்கு இன்று இளைஞர்கள் முதுகுப்பையோடு செல்கின்றனர். மார்க்கா பள்ளத்தாக்கில் பல நாள் நடந்து, 5,100 மீட்டருக்கும் உயரமான கோங்மாரு கணவாயைக் கடக்கின்றனர். தம்கீரி மட்டும் மாறவில்லை.

அதன் காரணம் எளியது. மலைமேலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால், காற்றின் அழுத்தம் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடும். உடல் இதற்குப் பழகக்கூடியதே. அதற்குச் சில நாட்கள் வேண்டும். டில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் நம்மை லேயில் இறக்கிவிடுகிறது. உடலோ விமானத்தின் வேகத்தில் பழகுவதில்லை.

ஆகவே, லேயில் முதல் இரண்டு நாட்கள் ஓய்வாக இருத்தல் அவசியம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி இளைப்பாற வேண்டும். ஏறத்தாழ 4,000 மீட்டரிலுள்ள ஹங்கர் கிராமத்திலிருந்து 4,700 மீட்டருக்கு மேலுள்ள நிமாலிங் புல்வெளிக்கு ஒரே நாளில் செல்லாமல், இடையில் ஓரிரவு தங்குவது நன்று. பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே தக்க வேகம். வறண்ட காற்று உடலின் நீரை உறிஞ்சிவிடுமாதலால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். தூக்க மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். கைத்தடி இருந்தால் இறக்கத்தில் முழங்கால்களின் சுமை குறையும். அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உடல் பழகுவதற்குத் துணை செய்யும். ஆயினும் மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ளலாகாது.

தலைவலியோடு குமட்டலும் களைப்பும் தோன்றினால் அதற்குமேல் ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமல் வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். நேர்கோட்டில் நடக்க இயலாது தள்ளாடுதலும் பேச்சுக் குழறலும் மூளை வீக்கத்தின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திராமல், துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். உயிர் காக்கும் முதல் மருந்து அதுவே.

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். "என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது" என்று தலைவலியை மறைக்கின்றனர். மறைத்தவரைச் சுமந்து இறங்கும் நிலை பின்னர் அதே நண்பர்களுக்குத்தான் வருகிறது! நல்ல உடற்கட்டுள்ள வாலிபரையும் இந்நோய் தாக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயணத்துக்குப் புறப்பட்டால், கம்பளி ஆடையோடு இந்த ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புங்கள்: "பாதியில் திரும்பி வந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே." கணவாய் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.