பார்வைப் புறா



இவ்வாரத் தியானம் ஹாம்ப்ஷயரில் உள்ள ஒரு வயலோரத்தில் தொடங்குகிறது. நம் சபையின் வாலிபச் சகோதரர் ஒருவர் முறைப்படி துப்பாக்கிச் சான்றிதழ் பெற்று, தமக்கு அறிமுகமான ஓர் ஆங்கிலேய விவசாயியின் நிலத்தில் மரப்புறா சுடக் கற்று வருகிறார். "ஐயா, பொம்மைப் புறாக்களை வைத்துப் பறவையை ஏமாற்றுகிறோமே, இது பாவமா?" என்று என்னிடம் கேட்டார். அறியாத காரியத்தைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே பிப்ரவரி மாதக் காலை ஒன்றில் அவரோடு சென்று மறைவிடத்தில் அமர்ந்தேன்.

இந்நாட்டில் குளிர்காலத்தில் வயல்களில் பசுமையாக நிற்பது கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிர். மற்ற இரை குறையும் நாட்களில் மரப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக அதன்மேல் இறங்கி இலைகளைக் கொத்தித் தின்றுவிடும். விவசாயிக்கு இது சிறிய நஷ்டமன்று. எனினும் விருப்பம்போல் எவரும் சுட்டுவிட முடியாது. பயிருக்குப் பெருஞ்சேதம் நேராமல் தடுப்பது போன்ற காரணங்களுக்காக மட்டும், அரசின் பொது உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே சுடலாம்.

அந்த விவசாயி வாலிபருக்குக் கற்பித்த முதற்பாடம், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பதே. புறாக்கள் எந்த மரவரிசையை ஒட்டிப் பறந்து வருகின்றன, வயலின் எந்த மூலையில் இறங்குகின்றன என்று ஒரு நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். புதியவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். புறாக்கள் வராத இடத்தில் எத்தனை பொம்மைகளை வைத்தாலும் பயனில்லை.

அதன்பின் வேலியோரத்தில், இயன்றவரை காற்று முதுகுப்புறமாக வீசும்படி, வலையால் மறைவிடம் அமைப்பார்கள். புறா காற்றை எதிர்கொண்டே இறங்கும் என்பதால் பொம்மைகளில் பெரும்பாலானவை காற்றுக்கு எதிர்முகமாக நிற்கவேண்டும். ஆனால் படைவீரர் அணிவகுத்ததுபோல் ஒரே நேராக நிற்கலாகாது. இரை தின்னும் பறவை அப்படி நிற்பதில்லை. தொடங்குகிறவருக்கு ஒரு டஜன் பொம்மைகள் போதும். ஒன்றுக்கொன்று ஓரிரு கெஜ இடைவெளி விட்டு, குதிரை லாட வடிவில் அவற்றை வைத்து, காற்று போகும் திசையில் லாடத்தின் வாயைத் திறந்து விடுவார்கள். நடுவே காலியாக விடப்பட்ட இடமே வரும் பறவை இறங்கும் இடம். அது மறைவிடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கெஜத்துக்குள் இருக்கும். மழையில் நனைந்து பளபளக்கும் பொம்மையையும், மல்லாந்து கிடக்கும் செத்த பறவையையும் கண்டால் புறா கடைசி நொடியில் சட்டென்று திரும்பிவிடும்.

இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று என் மனதைத் தைத்தது. அந்தப் பொம்மைகளின் நடுவே வயலில் இருந்த இலையன்றி வேறு இரை எதுவும் தூவப்படவில்லை. புறாவை அந்த இடத்துக்கு இழுத்தது தீனி அல்ல. தன் இனத்தார் அங்கே அச்சமின்றி மேய்கிறார்கள் என்ற காட்சியே அதை இழுத்தது. "அவர்கள் இறங்கியிருக்கிறார்கள், ஆகவே ஆபத்தில்லை" என்பதே அதன் கணக்கு.

வாலிபருக்கு நான் சொன்ன பதில் இது: தம்பி, விதைத்தவனுடைய விளைச்சலைக் காக்கச் சட்டத்துக்கு உட்பட்டு இதைச் செய்கிறாய், சுட்டதை வீணாக்காமல் உணவாக்குகிறாய், காயப்பட்ட பறவையைத் தேடிப்போய் அதன் வேதனையை முடிக்கிறாய். இதை நான் பாவமென்று சொல்லமாட்டேன். ஆனால் இதே வித்தையை மனிதர்மேல் பிரயோகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறித்து நான் பேசியாக வேண்டும்.

பொம்மைகளுக்கு முன்னே உயிருள்ள பறவைகளே இவ்வேலைக்குப் பயன்பட்டன. நம் ஊர்ப்புறங்களில் கௌதாரி பிடிப்போர் கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கூவச் செய்வதைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். அப்படிப் பழக்கப்பட்ட பறவைக்கும் விலங்குக்கும் தமிழில் 'பார்வை' என்றே பெயர். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வாழ்ந்த பயணப் புறாக்களைப் பிடிக்க, வேட்டைக்காரர் ஒரு புறாவின் இமைகளை நூலால் தைத்து, சிறு பலகையின்மேல் கட்டி வைப்பார்கள். பலகையை உயர்த்தித் தாழ்த்தும்போது அது சிறகடிக்கும். மேலே பறக்கும் கூட்டம் அதைக் கண்டு, தோழன் இரைக்கு இறங்குகிறான் என்று நம்பி வலையில் விழும். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. கட்டப்பட்ட, குருடாக்கப்பட்ட உயிர்ப்பறவையை இவ்விதம் பயன்படுத்துவதை பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது.

பார்வை என்று பெயர் பெற்ற பறவைக்குப் பார்வை இல்லை. தான் யாரை எங்கே அழைக்கிறோம் என்பதை அது அறியாது.

பிரியமானவர்களே, அந்தப் பறவை நானாகவே இருந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் ஊழியம் செய்தபோது, ஆராதனைக்குத் தவறாமல் வரும் ஒருவர் முதலீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தொடக்க ஜெபம் செய்ய என்னை அழைத்தார், செய்தேன். என் சேமிப்பில் ஒரு பகுதியையும் போட்டேன். கணக்கைக் காட்டும்படி நான் கேட்கவில்லை. விசுவாசியைச் சந்தேகிப்பது அன்பில்லாத செயல் என்று எண்ணினேன். நான் ஜெபிக்கும் புகைப்படம் வீடுவீடாகப் போயிற்று. சில மாதங்கள் வட்டி வந்தது, பிறகு நின்றது. அவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகளின் திருமணத்துக்காக வைத்திருந்ததை இழந்தவர், என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "ஐயா, நீங்க இருக்கீங்களேன்னுதான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றளவும் என்னைவிட்டு நீங்கவில்லை.

நான் அறியாமல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் என் இமைகளை எவரும் பலவந்தமாய்த் தைக்கவில்லை. கேள்வி கேட்காமல் இருந்ததால் நானே அவற்றை மூடிக்கொண்டேன்.

ஆகவே என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். பணத் திட்டம் எதையும் நம் ஆலயத்தில் பிரசங்க பீடத்திலிருந்தோ, ஆராதனைக்குப் பின் தேநீர் வேளையிலோ, சபையின் வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிக்கலாகாது. என் பெயரையோ மூப்பர்களின் பெயரையோ சொல்லி எவராவது உங்களிடம் பணம் கேட்டால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். "இன்னார் போட்டிருக்கிறார்" என்பது ஒரு போதும் காரணமாகாது. அந்த இன்னாரும் வேறொருவரைப் பார்த்து இறங்கியவராக இருக்கலாம்.

சந்தேகம் விசுவாசத்துக்கு விரோதமானது என்று சிலர் சொல்வார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் அப்போஸ்தலன் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). பவுலை ஆராயலாம் என்றால் உங்கள் போதகரையும் ஆராயலாம். புறாவின் கபடின்மையோடு சர்ப்பத்தின் வினாவையும் ஆண்டவர் நம்மிடம் சேர்த்தே கேட்டார் (மத்தேயு 10:16). ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

அன்று காலை ஒரு புறா பொம்மைகளுக்கு மேலே இருமுறை வட்டமிட்டது. ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டு, மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. வாலிபர் சலித்துக்கொண்டார். நானோ, மறைவிடத்தில் இருந்தபடியே, அதற்காக உள்ளுக்குள் ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

ஏற்கெனவே கண்ணியில் அகப்பட்டு, வெட்கத்தால் வெளியே சொல்லாமல் இருக்கிறவர்கள் நம்மில் இருப்பீர்களானால், தயங்காமல் என்னிடம் வாருங்கள். நான் உங்களைக் குறைகூறும் தகுதி உடையவனல்ல. கண்ணி தெறித்துத் தப்பின பறவையைப் பாடும் 124-ஆம் சங்கீதத்தை இவ்வாரம் குடும்பமாக வாசியுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் கண்களைத் திறந்தருளும். நாங்கள் ஏமாறாமலும், அறியாமலேனும் பிறரை ஏமாற்றும் கருவியாகாமலும் எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.